தலைக் கிறிஸ்துமஸ் உருமால்

அன்னூர் பெரிய தோட்டம் மச்சான் நாச்சிமுத்து அவர்கள் சமூகத்துக்கு, காரமடை நஞ்சுண்டன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை ராசாத்தாளும் கறவை மாடுகளும் சௌக்கியம். அங்கே நீங்களும் அக்காவும் உங்கள் கோபமும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

என் நம்பரை நீங்கள் பிளாக் செய்துவிட்டபடியால், அன்னூருக்கு வாழைத்தார் ஏற்றி வரும் வேன்காரர் சபரீஷிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். என் மகள் மோகனப்பிரியா கல்யாணத்துக்கு நீங்கள் வரவில்லை. தொட்டிலில் கிடந்தபோதே உங்கள் மகன் மதன்குமாருக்கு என்று பேசிவைத்த பெண், கூட வேலை பார்க்கும் ஆல்வினைக் கட்டிக்கொண்டாளே என்கிற உங்கள் வருத்தம் நியாயமானதுதான். மதன்குமாருக்கும் வருத்தம்தான் போலிருக்கிறது, பந்தியில் பாயசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தான். ஐயோ, அவன் வந்திருந்தது உங்களுக்குத் தெரியாதல்லவா? இந்த இடத்தைப் படிக்காததுபோல் மேலே போய்விடுங்கள். உங்களை எதற்கும் கூப்பிட நான் இதை எழுதவில்லை. நீங்கள் இல்லாமலே எங்கள் தலைக் கிறிஸ்துமஸ் அமோகமாக நடந்தது என்று தெரிவிக்கத்தான் எழுதுகிறேன்.

தலை தீபாவளி உண்டு, தலைக் கிறிஸ்துமஸ் என்று ஒன்று உண்டா என்று உங்களைப் போலவே எனக்கும் சந்தேகம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டாரைக் கேட்டால் நம்மை ஒன்றும் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடுவார்களே என்று, கிராஸ்கட் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் துணி எடுத்துப்போட்ட நஸ்ரியா என்கிற பெண்ணைக் கேட்டேன். அவள் கொஞ்சமும் யோசிக்காமல், "எங்கள்ல தலைப்பெருநாள் உண்டுங்க. அவிங்களுக்கு மட்டும் இல்லாம போயிருமுங்களா?" என்றாள். அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? உடனே ராசாத்தாள் சீர்த்தட்டுக்கு வாங்க ஆரம்பித்துவிட்டாள். சிவப்புப் பட்டு, பச்சைக் கண்ணாடி வளையல், ஆட்டினால் கிணுகிணுக்கும் மணிக் கம்மல், மினுமினுவென்று பாம்புபோல் நீளும் சரிகை மாலை. அந்த மாலையைப் பார்த்து ராசாத்தாள், "பட்டிப் பொங்கலுக்கு மாட்டுக் கழுத்துக்கும் ஆகுமுங்க, ரெண்டாச் சேத்து வாங்கிப்போடுங்க" என்றாள். பிறகு கலைமான் கொம்பு வைத்த ஹேர்பேண்ட் இரண்டு, பொத்தானை அமுக்கினால் கொம்பின் நுனியில் விளக்கு எரியும். நான் அதை வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன் மச்சான். கடை மறைந்து பனி இறங்கிய ஒரு காட்டுக்குள் நிற்பதுபோல் இருந்தது. எனக்குக் கண்ணை மூடாமலே கனா வரும் என்று உங்கள் தங்கை அடிக்கடி சொல்வாள், அது உங்களுக்கும் தெரியும். அவள் என் முதுகில் தட்டி, "ஏனுங்க, கொம்பக் கழட்டிப்போட்டு இங்க பாருங்க, உருமால்!" என்று கத்தினாள். பார்த்தால் சிவப்புத் தொப்பி. ஓரத்தில் வெள்ளைப் பஞ்சு, நுனியில் குஞ்சம். நம் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குத் தலைப்பாகையாக உருமால் கட்டுகிற மாதிரி இவர்கள் வழக்கத்தில் கிறிஸ்துமஸுக்குக் கட்டுவார்கள் போலிருக்கிறது என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். "அது சும்மா போட்டுக்கறதுங்கப்பா, கட்டறதில்லீங்க" என்று நஸ்ரியா சொல்லிப் பார்த்தாள். எங்கள் சீர்முறை அந்தச் சின்னப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? கடைசியில் ராசாத்தாள் பெரிய அளவில் ஒரு சிவப்புச் சட்டையும் எடுத்தாள். யாருக்கு என்று கேட்டேன். "கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள்.

கிறிஸ்துமஸ் அன்று விடிகாலை கிளம்பினோம். அப்படி ஒரு பனி. கோயமுத்தூருக்குள் நுழைந்தால் வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம் எரிகிறது. கம்பமும் தெரியவில்லை, கயிறும் தெரியவில்லை. நட்சத்திரங்கள் தாமாகவே இறங்கிவந்து வாசலில் நிற்பதாகத்தான் எனக்குப் பட்டது. கார் ஓடுகிற சத்தமே கேட்கவில்லை. கணபதியில் சம்பந்தி வீட்டு வாசலில் தட்டுகளை ஏந்திக்கொண்டு இறங்கினோம். ஆல்வினின் அம்மா ஹெப்சிபா வெளியே வந்தார். வெள்ளைச் சேலை, காதில் தோடு இல்லை, கழுத்தில் ஒன்றும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவர்கள் சபையில் யாருமே நகை போடமாட்டார்கள். நாங்கள் கொண்டுவந்திருப்பதோ வளையலும் கம்மலும்! ராசாத்தாள் தட்டைப் பின்னுக்கு இழுக்க, மணிக் கம்மல் கிணுகிணுத்துக் காட்டிக்கொடுத்தது. மோகனப்பிரியா கதவோரம் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். தட்டை வாங்காவிட்டால் என் பெண்ணுக்கு அந்த வீட்டில் பிறந்தவீட்டுப் பெருமை என்று ஒன்று இருக்குமா சொல்லுங்கள்.

ஹெப்சிபா அம்மா தட்டையே பார்த்தார். வளையலைத் தொடவில்லை. கொம்பை மட்டும் எடுத்தார். "இது தங்கமில்லையேங்க?" என்றார். "பிளாஸ்டிக்குங்க" என்றேன். "அப்பச் சரிங்க" என்று நரைத்த தலையில் அதை வைத்துப் பொத்தானை அமுக்கினார். கொம்பு நுனியில் விளக்கு எரிந்தது. இன்னொன்றை எடுத்து உங்கள் தங்கை தலையில் வைத்துவிட்டார். பிறகு இரண்டு சம்பந்திகளும் பனிக்குள் கொம்போடு உட்கார்ந்து ஒரே தட்டில் கேக் சாப்பிட்டார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஆல்வின் தலையைக் குனிந்தான், உருமாலை நானே போட்டுவிட்டேன். தாய்மாமன் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. மோகனப்பிரியா மட்டும் அடிக்கடி வாசல் கேட்டைப் பார்த்தாள். காற்றில் அது ஆடிக்கொண்டிருந்தது, அதனால் இருக்கும்.

ஆகவே நீங்கள் வராததால் ஒரு குறையும் இல்லை. நிம்மதியாக இருங்கள். நேரில் பேச நீங்கள் விடமாட்டீர்கள் என்பதால் எல்லாவற்றையும் இதிலேயே எழுதிவிட்டேன். காரமடை ரங்கநாதர் உங்கள் முழங்கால் வலியையும் முன்கோபத்தையும் ஒருசேரத் தீர்த்துவைப்பாராக. அக்காவுக்கு எங்கள் வணக்கம். மதன்குமாரைத் திட்டவேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத
நஞ்சுண்டன்

பி.கு.: கடிதத்தில் தேதி போடவில்லை, கவனித்தீர்களா? இன்றைக்கு டிசம்பர் இருபத்து மூன்றுதான். கடைக்குப் போனதும் வாங்கியதும் நிஜம். மற்றது இன்னும் நடக்கவில்லை. தொழுவத்தில் உட்கார்ந்தபடி கண்ட கனா. அந்த அம்மா நகை போடமாட்டார் என்பதைக் கல்யாணத்தில் கண்ணால் பார்த்தும் மறந்துபோட்டேன், வாங்கிவந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. "சாமி உங்களுக்குக் கண்ணக் குடுத்துச்சு, பார்வையக் குடுக்கலீங்க" என்று உங்கள் தங்கை காலையிலிருந்து திட்டுகிறாள். அவர் கொம்பைத் தலையில் வைப்பாரோ, தட்டையே தள்ளிவைப்பாரோ, எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். உருமாலும் அட்டைப்பெட்டியில் அப்படியே இருக்கிறது. தாய்மாமன் கை படாத சீர் எந்த ஊரில் சீர் ஆகும்? அதை நான் எப்படிப் போடுவேன்?

நேற்று மோகனப்பிரியா போனில், "மாமன் வருவாங்களாப்பா?" என்று கேட்டாள். "வாரேன்னு சொல்லிப்போட்டாருங் கண்ணு" என்று சொல்லிவிட்டேன். அவள் அழுதாள். சந்தோஷத்தில்தான்.

காரமடையிலிருந்து கணபதிக்கு அன்னூர் வழி சுற்று என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் நாளை மறுநாள் விடிவதற்குள் உங்கள் வாசலில் ஹாரன் அடிப்பேன். கதவு திறக்காவிட்டால் அந்தக் கொம்பை வைத்துக்கொண்டு, விளக்கையும் எரியவிட்டு, அன்னூரே பார்க்கும்படி அங்கேயே நிற்பேன். அந்தச் சிவப்புச் சட்டையை இந்தக் கடிதத்தோடு சபரீஷ் கையில் கொடுத்திருக்கிறேன். "எங்கண்ணனுக்கு இதுதானுங்க அளவு" என்று ராசாத்தாள் சொல்கிறாள். போட்டுப் பாருங்கள். சரியாக இருந்தால் கழற்ற வேண்டாம்.