சாகண் ரிக்கர் வரன் பற்றி

கோர்படி, புனே
4.7.1999

மதிப்பிற்குரிய துரைசாமி மாமாவுக்கு மங்கையர்க்கரசியின் வணக்கம். இங்கு நானும் மழையும் நலம். அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நீங்கள் எனக்குப் பார்த்திருக்கும் முரளி என்கிற வரனின் பயோடேட்டாவில் வேலை 'ரிக்கர், சாகண்' என்று இருந்தது. "நம்ம குடும்பத்துல டிகிரி படிச்சவ நீதான, என்னன்னு பாத்து ஆடி பொறக்கறதுக்குள்ள பதில் போடு" என்று எழுதியிருந்தீர்கள். அகராதியைப் பார்த்தேன். பாய்மரக் கப்பலில் கயிறு கட்டுபவர் என்றது. சாகணில் கடல் இல்லை. அடுத்து, பங்கு விலையைத் தில்லுமுல்லு செய்து ஏற்றுபவர். மூன்றாவது, ஒரு வகை நீளத் தூரிகை. அந்தச் சந்தேகத்தை மட்டும் விட்டுவிட்டேன். நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் வாசுதேவன் பட்டாளத்தில் இருந்தவர், பாராசூட் மடிக்கிறவரை அப்படிச் சொல்வார்கள் என்றார். ஆபீஸில் வைஷாலியோ, பெரிய மெஷினைக் கயிறு கட்டிக் கிரேனில் தூக்கிவைக்கிறவர், இங்கே போசரி தொழிற்பேட்டையில் தெருவுக்கு நாலு பேர் உண்டு என்றாள். ஒரே வேலைக்கு இத்தனை அர்த்தம் என்றால் ஆள் எதையோ மறைக்கிறார் என்றுதானே மாமா தோன்றும்? போட்டோவில் வேறு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

அதனால் நேற்று லீவு போட்டு, சாகணுக்குப் பஸ் ஏறி, பயோடேட்டாவில் போட்டிருந்த கம்பெனியின் வேலிக்கு வெளியே குடைக்குள் ஒளிந்து நின்றேன். உள்ளே ஒரு மெஷின் அந்தரத்தில் தொங்குகிறது, முரளி மஞ்சள் தொப்பியோடு கிரேன்காரருக்குக் கை காட்டிக்கொண்டிருக்கிறார், கயிற்றைத் தொடவே காணோம், கையாட்டவா சம்பளம் என்று நான் நினைக்கும்போதே காற்றடித்துக் குடை மேல்பக்கம் மடங்க, இரண்டு கையையும் தூக்கிவிட்டேன், கிரேன் நின்றுவிட்டது. அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தூக்கு, இறக்கு என்று கைகாட்ட அங்கே ஒருவருக்குத்தான் உரிமையாம். இரண்டு கையையும் தூக்கினால் நிறுத்து என்று அர்த்தமாம்; அதை மட்டும் யார் காட்டினாலும் நிறுத்தியாக வேண்டுமாம். எனக்கு எப்படித் தெரியும்?

அவரே வேலியோரம் வந்தார். என்ன தப்பாகத் தெரிந்தது என்று இந்தியில் கேட்டார். குடையைக் காட்டினேன். நீங்கள் அனுப்பிய என் போட்டோ நினைவுக்கு வந்ததோ என்னவோ, என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

"பரவால்லங்க. நிறுத்தினது நிறுத்தியாச்சு, ஒருவாட்டி பாத்துடறேன்."

மெஷினைக் கீழே இறக்கி, நாலு கயிற்றையும் முழம் முழமாகத் தடவிப் பார்த்து, ஒன்றை மாற்றிவிட்டுத்தான் மறுபடி தூக்கினார். இவ்வளவு சந்தேகப் பிராணியோடு எப்படி மாமா குடித்தனம் நடத்துவது? வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அத்தைக்கு என் நமஸ்காரம். உங்கள் ஆசி என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
மங்கையர்க்கரசி

பி.கு.: ஒடிந்த குடைக்கம்பியைச் சணல் போட்டுக் கட்டிக் கொடுத்தார். பஸ்ஸில் சாகண் முதல் கோர்படி வரை அந்த முடிச்சை இழுத்துப் பார்த்தபடியே வந்தேன். அவிழவில்லை. மேலே எழுதியதை அத்தைக்குப் படித்துக் காட்ட வேண்டாம்; சம்மதம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.