அடுக்கு ஐயாவும் எட்டாம் எண்ணும்

எங்கள் தெரு மூளைக்கு விடுமுறை விட்டுவிட்டது. பழைய இரும்புக் கடை மாடியில் எண் ஜோசியர் அடுக்கு ஐயா வந்து இறங்கியிருக்கிறார். படிக்கட்டு முழுக்கச் செருப்பு.

வித்தை இதுதான். பத்துக்குக் கீழே ஓர் எண்ணை நினைத்து, ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்த வேண்டும். அதாவது அதே எண்ணை ஐந்து முறை வரிசையாக எழுதிப் பெருக்க வேண்டும். கால்குலேட்டர் அவரே தருவார், நல்ல மனசு. விடையைச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு, நினைத்த எண்ணைச் சொல்லிவிடுவார். எண் தெரிந்தவருக்கு எதிர்காலம் தெரியாதா?

முதலில் சலூன்காரர் போனார். "முப்பத்தஞ்சுங்க."

"அஞ்சு."

"ஏழு நினைச்சேங்க. ஏழை அஞ்சால பெருக்கினேன்."

"அடுக்குன்னா அஞ்சால பெருக்கறதில்லய்யா. அஞ்சு ஏழைப் பெருக்கணும். போ அந்தப் பக்கம்."

அடுத்தவள் தையல்காரி. "முப்பத்திரண்டாயிரத்து எழுநூத்து அறுபத்தெட்டு."

"எட்டு."

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

"எட்டுக்கும் இரும்புக்கும் ஆகாதும்மா. வீட்ல சுத்துற இரும்பு ஏதாவது இருக்கா?"

"தையல் மெஷின்தாங்க. அது ஓடினாத்தான் எங்க வீட்ல அடுப்பு எரியும்."

"இன்னைக்கே கொண்டுவந்து வெச்சிடு. அந்தக் கெடுதலை நான் தாங்கிக்கறேன்."

என்ன தியாகம். கீழே இரும்புக் கடைக்காரர் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தையல்காரி தலையாட்டிவிட்டாள். கூட வந்த நாத்தனார் மட்டும் சலூன்காரரையே பார்த்தாள். 'மனசைப் படிக்கிறவருக்கு, கணக்கு தப்பினா மனசுமா தப்பும்?' கால்குலேட்டரை வாங்கித் தட்டினாள்.

"ரெண்டாயிரத்து நானூத்தி ஒண்ணு."

ஐயா கண்ணை மூடினார். "ஒண்ணு."

"ஏழுங்க. நாலு ஏழைத்தான் பெருக்கினேன்."

ஐயா கண்ணைத் திறந்தார். "அஞ்சுல்ல போடணும்?"

"ஏன், நாலுல மனசு தெரியாதா?" அவள் திரும்பினாள். "அண்ணி, நீங்க சொன்ன விடையோட கடைசியில என்ன இருந்துச்சு?"

"எட்டு."

"அதைத்தான் அவர் திருப்பிச் சொன்னார். பத்துக்குக் கீழ எந்த எண்ணா இருந்தாலும் அஞ்சாம் அடுக்குல கடைசியில அதே எண்தான் வந்து உக்காரும். ரெண்டுக்கு முப்பத்திரண்டு. மூணுக்கு இருநூத்தி நாப்பத்தி மூணு. போட்டுப் பாருங்க."

கூட்டம் தட்டியது. ஒன்பது வரைக்கும் தட்டியது. நிமிர்ந்தபோது ஐயாவின் நாற்காலி காலி. பின்பக்கமும் ஒரு படிக்கட்டு இருந்தது போலிருக்கிறது. முன்படியில் கிடந்த தன் செருப்பைக்கூட எடுக்காமல், அவர் வெறுங்காலோடுதான் போனார்.

மெஷின் ஓடுகிறது. ஆனால் அன்றைக்கே ஒருவர் விசாரித்தார்: "பக்கத்துத் தெருவுல ஆறாம் அடுக்கு பாக்கறவர் இருக்காராமே?"

பூஜ்யத்தை எத்தனை அடுக்கு உயர்த்தினாலும் பூஜ்யம்தான். யோசிக்காத தலை எத்தனை படி ஏறினாலும் அப்படித்தான்.