சாவித்ரி விரலில் ஒரு கட்டி

சிரஞ்சீவி டாக்டர் சந்தானத்துக்கு,

கல்கத்தாவிலிருந்து உன் அத்திம்பேர் வெங்கடராமன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், ஒரு விரல் நீங்கலாக.

உன் அக்கா சாவித்ரிக்கு வலது ஆள்காட்டி விரலில், நகத்துக்குச் சற்றுக் கீழே, பட்டாணி அளவில் ஒரு கட்டி கிளம்பியிருக்கிறது. போனில் சொன்னால் அவள் காதில் விழுந்து பயந்துவிடுவாள் என்றுதான் கடிதம். வெளிச்சத்தில் பிடித்தால் பளபளவென்று அழகாகக்கூட இருக்கிறது. அழுத்தினால் வலி இல்லை. ஆனால் அழுத்திப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

இது எதனால் வந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு ஊரெல்லாம் விசாரித்துவிட்டேன். மாடி வீட்டு சாதனா பௌதி (இங்கே அண்ணியை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்), "மீன்முள் குத்தி உள்ளயே தங்கியிருக்கும், நல்லா யோசிச்சுப் பாருங்கோ" என்றாள். நம் வீட்டில் மீன்முள்ளா! இருந்தாலும் காளிகாட் மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்குப் பக்கத்திலேயே ஹில்சா மீன் விற்கிறார்களே என்று காய்கறிப் பையை ஒருமுறை உதறிப் பார்த்தேன். அடுத்து ஜாதவ்பூரில் ஒரு ஹோமியோபதிக்காரர். மனிதர் விரலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கனவில் தண்ணீர் வருமா, கோபம் வந்தால் சாப்பிடாமல் படுத்துக்கொள்வதுண்டா, சின்ன வயதில் அழுகையை அடக்கியதுண்டா என்றுதான் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். சின்னச் சின்ன உருண்டைகள் கொடுத்தார், தித்திப்பாக இருந்தன. வாக்கிங் வரும் கௌசிக் பாபு, "இதுக்கெல்லாம் டாக்டரா? தடிமனான டிக்‌ஷனரியால ஓங்கி ஒண்ணு வெச்சா அமுங்கிடும்" என்று சொல்லி, டிக்‌ஷனரியோடு வீட்டுக்கே வந்துவிட்டார். நான் கதவைத் திறக்கவில்லை. கட்டின மனைவியை இன்னொருவர் அடிக்க விடுவேனா?

நெட்டில் தேடினால் மரு, மூட்டுத் தேய்மானம், யூரிக் ஆசிட் என்று சாதுவாக ஆரம்பித்துக் கடைசியில் கான்சரில் கொண்டுபோய் விட்டது. சந்தானம், ஒளிக்காமல் எழுது. இது அதுவா? அறுக்க வேண்டுமா? ஊசி இல்லாமல் தீராதா? அவளுக்கு ஊசி என்றாலே ஆகாது.

கல்பனாவுக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசிகள். எல்லோரும் பத்து விரலும் நோகாமல் நன்றாக இருங்கள்.

உன் அன்புள்ள அத்திம்பேர்,
வெங்கடராமன்

பி.கு.: டேய் சந்தானம், நான் அக்கா. உன் பின்கோடு தேடிக்கொண்டு அவர் உள்ளே போன நேரத்தில் இதைப் படித்துவிட்டேன்; கவரையும் நானே ஒட்டிவிடுவேன். என் விரலுக்கு ஒன்றுமில்லை. போன வாரம் அவர் தூங்கும்போது எடுத்து நான் போனில் அனுப்பிய படத்தைப் பார்த்து, "ஜவ்வுக் கட்டிதான்க்கா, பயமே இல்லை, ஊசியும் வேண்டாம்" என்று நீ சொன்னாயே, அந்த விரல்தான் இது. அதையே இவருக்கும் எழுதிவிடு. என் விரல் என்றே எழுது, பாவம், கூச்சப்படுவார். ஆனால் அவசரமில்லை. பயத்தில் மனுஷர் சந்தேஷ் இனிப்பைத் தொடுவதில்லை, சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது. துர்கா பூஜா கழித்துப் பதில் போட்டால் போதும்.