சொல்லாமல் வாங்கிய இருநூற்றுப் பதினொரு கையெழுத்து

ராஜபாளையம்,
22.8.95, செவ்வாய்.

அன்பும் மரியாதையும் நிறைந்த வைகுண்டராஜ் மாமாவுக்கு, உங்கள் அக்காள் மகள் வெள்ளத்தாய் கைகூப்பி எழுதுவது. அம்மாவுக்குக் கால்வலி தவிர வேறு குறையில்லை. எனக்குக் கால்வலி தவிர மற்ற எல்லாக் குறையும் உண்டு. மதுரையில் அத்தையும் பிள்ளைகளும் உங்கள் டைப்பிங் மிஷின்களும் சுகமாக இருக்க வேண்டும்.

நேற்று நகராட்சி ஆபீஸ் விசாரணை அறைக்குள் போனதும் நான் முதலில் பார்த்தது எங்கள் தெரு மாரியாத்தாள் அத்தையின் விரலை. பெஞ்சில் உட்கார்ந்து, ஆள்காட்டி விரலால் தொடைமேல் எதையோ எழுதுவதும், உள்ளங்கையால் அழிப்பதுமாக இருந்தார். தன் பெயரைத்தான் எழுதிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. ஏன் என்று தெரியவில்லை. கேட்டிருக்கலாம். நான் எதைத்தான் கேட்டேன்?

காய்கறி மார்க்கெட்டை இடித்துவிட்டு நாலு மாடி வணிக வளாகம் கட்டப்போவதாக நோட்டீஸ் ஒட்டி, அம்மாவைப் போலக் கீரை விற்கிறவர்களுக்கெல்லாம் மூன்றாம் மாடியில்தான் இடம் என்று தெரிந்து, "முருங்கக்காய் வாங்க மூணு மாடி எவ ஏறுவா?" என்று அம்மா சோறு தின்னாமல் படுத்துக்கொண்டபோது, நீங்கள்தான் மாமா சிரமப்பட்டு மனுவை டைப் அடித்துக் கொண்டுவந்தீர்கள். விற்கிறவர்கள் மட்டும் சொன்னால் சுயநலம் என்பார்கள், வாங்குகிறவர்களும் சொல்ல வேண்டும், கவுன்சிலர்களே இல்லாமல் அதிகாரி ஆளுகிற ஊரில் கையெழுத்துதான் நமக்கு ஓட்டு என்றீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் முதல் பக்கத்தை வாசித்துக் காட்டிவிட்டு வாங்கு என்றும் சொன்னீர்கள். நான் ஒரு வீட்டிலும் வாசிக்கவில்லை மாமா. பள்ளிக்கூடத்திலேயே எழுந்து வாசிக்கச் சொன்னால் வயிற்றுவலி என்று உட்கார்ந்துவிடுகிறவள் நான். எட்டாவதோடு நின்று பேண்டேஜ் துணி மடிக்கப் போனதில் எனக்குப் பிடித்ததே, தறிச் சத்தத்தில் யாரும் யாரிடமும் பேச முடியாது என்பதுதான். வாசலில் நின்றேன், நோட்டை நீட்டினேன், எல்லாரும் சிரித்த முகமாகக் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டே நாளில் இருநூற்றுப் பதினொன்று. ஒருவர்கூட மறுக்கவில்லை மாமா என்று உங்களுக்குக் கார்டு போட்டேனே, மறுப்பதற்கு நான் எதையும் சொல்லவேயில்லை என்று எழுத அந்தக் கார்டில் இடமில்லை.

நேற்று அதிகாரி அந்த நோட்டைப் புரட்டி, முதலில் மாரியாத்தாள் அத்தையைக் கூப்பிட்டார்.

"இது உங்க கையெழுத்தாம்மா?"

"ஆமாய்யா! நானே போட்டது. யாரும் கையப் பிடிக்கல."

"எதுக்காகப் போட்டீங்க?"

"இந்தப் புள்ளதான் மூணு வருசத்துக்கு முன்ன அறிவொளி வகுப்புல எங்களுக்குப் புள்ளி வச்சுக் கையெழுத்துப் பழக்குனது. மறுபடி நோட்டத் தூக்கிக்கிட்டு வந்து நின்னுச்சா, மறந்துட்டமான்னு பாக்க வந்துருக்குன்னு போட்டேன்."

"நாலு தடவை போட்டிருக்கீங்களே?"

"மொத மூணும் கோணலா விழுந்துருச்சுய்யா."

அடுத்து வந்த கருத்தையா தாத்தா ஒரு பக்கம் முழுக்கத் தன் பெயரை எழுதி, அடியில் ஊரும் பின்கோடும் போட்டிருந்தார். அதிகாரி வாயைத் திறப்பதற்குள், "மார்க்கு எம்புட்டுய்யா?" என்று கேட்டுவிட்டார். பெத்தம்மாள் சித்தி அறிவொளிக்கு வராதவர், அவராவது காப்பாற்றுவார் என்று நினைத்தேன். "மண்ணெண்ணெய்க்குத்தானய்யா எழுதுறீக? எங்களுக்கு ரெண்டு கார்டு" என்றார். வளாகம் கட்டப்போகிற கம்பெனிக்காரர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்லிக் கையெழுத்து வாங்கினே?"

"ஒண்ணும் சொல்லலங்கய்யா."

அறையே சிரித்தது. ஓர் ஆபீசில் நான் பேசிய முதல் வாக்கியம் அதுதான். மனு அதோடு முடிந்தது. அதிகாரி கெட்டவரில்லை மாமா. 'தள்ளுபடி' என்று எழுதிவிட்டு, "வெள்ளிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு. விஷயம் தெரிஞ்சு போட்ட கையெழுத்தாக் கொண்டாங்க. இல்லேன்னா யாருக்கும் ஆட்சேபணை இல்லைன்னுதான் நான் எழுதியாகணும்" என்றார்.

வெளியே வந்ததும் மாரியாத்தாள் அத்தை என் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஏட்டி வெள்ளத்தாயி, நம்ம மார்க்கெட்ட இடிக்கப்போறாகன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா அந்த ஆபீசர நார்நாராக் கிழிச்சிருப்பேனே! என் எழுத்து அழகக் காட்டவா அங்க போய் நின்னேன்? எம்புட்டுப் பேரு சிரிச்சாக பாத்தியா?" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. பிழையில்லாமல் போட்ட கையெழுத்துக்காக அவரை ஒரு ஊர் சிரிக்கும்படி செய்துவிட்டேன்.

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும். "நான் நாளெல்லாம் கத்துற கத்துல கால்வாசி உனக்கு வந்திருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, கீரைக்கட்டுக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டார். முப்பது வருடமாக அதே மூலையில் உட்கார்ந்தவர் மூன்றாம் மாடிக்கு எந்தக் காலோடு ஏறுவார்?

ஆகையால் மாமா, நீங்கள் வியாழக்கிழமை செங்கோட்டை ரயிலில் கட்டாயம் வந்துவிடுங்கள். வீடுவீடாக நீங்கள் பேசுங்கள், நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறேன். மனுவின் மிச்சமிருக்கும் நகலை இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். என்னிடம் இருந்தால் அதுவும் ஊமையாகிவிடும். உங்கள் குடும்பத்துக்கு ஒரு குறையும் வராதிருக்க அம்மா வேண்டிக்கொள்கிறார், நான் மன்னிப்பும் சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் மருமகள்,
வெள்ளத்தாய்.

பின்குறிப்பு: நகல் உறைக்குள் இல்லை, தேட வேண்டாம். நீங்கள் வரவும் வேண்டாம். உறையை ஒட்டப் பசை கேட்டுப் பக்கத்து வீட்டுப் பாலம்மாள் மதினியிடம் போனேன். என் கையில் உறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த காகிதத்தையும் பேனாவையும் பார்த்ததுமே, "கொண்டா, போட்டுத் தாரேன்" என்று பேனாவுக்குக் கையை நீட்டினார். நான் பேனாவைக் கொடுக்கவில்லை. நகலை வெளியே எடுத்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, முதல் பக்கத்தை வாசித்தேன். பாதியில் மதினி, "இருடி இருடி! செத்த நேரம் பொறு, அடுப்ப அணைச்சுட்டு, எதுத்த வீட்டு ஆளுகளையும் கூட்டியாரேன். மொதல்ல இருந்து வாசி" என்று ஓடினார். அவர்கள் வந்து உட்கார்ந்ததும் முதலிலிருந்து வாசித்தேன்.