பழுதாகாத புல்வெட்டி

மனித குலம் நெருப்பை அடக்கியது, சக்கரத்தை உருட்டியது. ஆனால் ஓர் இயந்திரத்தை ஒருமுறைகூடப் பழுதாகாமல் காப்பாற்றிய பெருமை, ஸ்லோவேனியாவில் லிபோவெத்ஸ் என்னும் சிற்றூரைச் சேர்ந்த வின்கோ ஒருவரையே சேரும். அவருடைய பெட்ரோல் புல்வெட்டி, வாங்கிய அன்று எப்படிப் பளபளத்ததோ அப்படியே இன்றும் பளபளக்கிறது.

லிபோவெத்ஸில் இரண்டு பேர் ஒரே திசையில் பார்த்தால் போதும், சங்கம் தொடங்கிவிடுவார்கள். அப்படித்தான் 'புல்வெட்டிப் பராமரிப்புச் சங்கம்' உதயமானது. வின்கோ தலைவர், தபால்காரர் சிரில் செயலாளர். வின்கோ வீட்டில் புல் அறுக்க இருந்த ஒரே அரிவாளைப் பழைய இரும்புக்குப் போட்டது சங்கத்தின் முதல் தீர்மானம். புல்வெட்டிக்குப் பொன்னாடை ஒன்றுதான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வின்கோவின் மகள் நேஜாவைப் பெண் கேட்டு டிலெனும் அவன் பெற்றோரும் வருவதாக இருந்தது. பேரி மரத்தடியில் விருந்து. மரத்தடியில் புல்லோ இடுப்புயரம். ஞாயிறன்று மோட்டார் சத்தம் எழுப்பினால் அந்த ஊரில் முகத்தில் விழிக்க மாட்டார்கள். ஆகவே சனிக்கிழமையை விட்டால் வேறு நாள் இல்லை.

"ஏங்க, இன்னிக்காவது வெட்டுவீங்களா?" என்று கேட்டாள் மனைவி ஸோஃப்கா.

"வெட்டறதுக்கு முன்னாடி பராமரிப்புன்னு ஒண்ணு இருக்கே. ஃபில்டர அலசிப் போட்டிருக்கேன். நெழல்லதான் காயணும்."

"வெயில்ல போட்டா?"

"உன்ன வெயில்ல போட்டா நீ சும்மா இருப்பியா?"

சுழன்று புல்லை அறுக்க வேண்டிய நைலான் நரம்பு தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. ஊறினால்தான் அறுந்துபோகாதாம்.

"அது நான் பீன்ஸ் ஊறப்போடற பாத்திரம்."

"பீன்ஸ் என்ன, நிமிஷத்துக்கு எட்டாயிரம் சுத்தா சுத்தப் போகுது?"

நரம்பு ஊறியது, ஃபில்டர் காய்ந்தது. வின்கோ எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, உள்ளம் பூரிக்க, இயந்திரத்தைக் கிளப்பும் கயிற்றை இழுக்கப் போன நேரத்தில் சிரில் டாங்கியில் மூக்கை வைத்தார்.

"தலைவரே, இது போன மாசத்துப் பெட்ரோல். வீட்டுக்கு வர்ற விருந்தாளிக்குப் பழைய சூப்பயா ஊத்துவோம்?"

வின்கோ வெட்கித் தலைகுனிந்தார். பழைய பெட்ரோல் இறக்கப்பட்டது. புதிய பெட்ரோலில் எவ்வளவு எண்ணெய் கலப்பது என்று விவாதம் எழுந்தது. அது காரசாரமாகி, திராட்சை மதுவால் தணிந்து, ஒருமனதாக முடிந்தபோது இருட்டி, மாதா கோயிலில் மாலை மணியும் அடித்துவிட்டது. 'பராமரிப்பு மாபெரும் வெற்றி. வெட்டுதல் அடுத்த சனிக்கிழமைக்கு ஒத்திவைப்பு' என்று தலைவர் அறிவித்தார். செயலாளர் வழிமொழிந்தார்.

மறுநாள் சூப் தட்டுகள் புல்லின்மேல் மிதந்தன. மேசைக் கால்களைக் காணவில்லை. டிலெனின் அப்பா காபெர் அவற்றில் எதையும் கவனிக்கவில்லை. கொட்டகையில் நின்ற புல்வெட்டியைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"சம்பந்தி, இவ்ளோ சுத்தமான ஸ்பார்க் பிளக்க என் வாழ்நாள்ல பாத்ததில்ல."

வின்கோவின் கண் கலங்கியது. இருவரும் கொட்டகைக்குள் போனார்கள். காபெரின் மனைவி ஸோஃப்காவின் காதருகே குனிந்தாள்.

"எங்க வீட்டுலயும் இதே கததான். நீங்க வந்தா புல்லுக்குள்ள வாசல் எங்கருக்குன்னு தெரியாதேன்னுதான் நாங்களே கெளம்பி வந்துட்டோம்."

ஸோஃப்கா சட்டென்று டிலெனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மரத்தடியில் நேஜாவின் முன் மண்டியிட்டிருந்தான். தலை மட்டும் புல்லுக்கு மேலே தெரிந்தது. அவசரமாக டப்பியைத் திறந்தான். மோதிரம் துள்ளிப் புல்லுக்குள் விழுந்தது.

எல்லோரும் ஓடிவந்து துழாவினார்கள். கிடைக்கவில்லை.

"வெட்டினாத்தான் கெடைக்கும்," என்றாள் ஸோஃப்கா.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமை," என்றார் வின்கோ, மனச்சாட்சியுள்ள மனிதர்.

"அடுத்த சனிக்கிழமைக்கு மெஷின இப்பவே தயார் பண்ணிருவோம்," என்றார் காபெர். இருவரும் கொட்டகைக்கு விரைந்தார்கள்.

டிலென் மட்டும் முழங்காலில் ஊர்ந்து தேடிக்கொண்டிருந்தான். முகமெல்லாம் கீறல். நேஜாவுக்கு மனசு இளகிப் போயிற்று. இவனாவது வேறு மாதிரி என்று நினைத்தாள். அவளுக்கு அவனை மிகவும் பிடித்திருந்தது.

"டிலென்," என்று கொட்டகையிலிருந்து அவன் அப்பாவின் குரல் வந்தது. "கார்புரேட்டரக் கழட்டறோம்டா."

டிலென் எழுந்தான்.

"நேஜா, ரெண்டே நிமிஷம்."

பொழுது சாயும்போதுதான் கையெல்லாம் கிரீஸோடு திரும்பினான்.

"மோதிரம் கெடச்சுதா?"

"தேட வேணாம். அங்கயே இருக்கட்டும்," என்றாள் நேஜா. "உங்க மெஷின் தொடாத எடம். அதவிடப் பத்திரம் ஏது?"

அவ்வாண்டு சங்க விழாவில் தலைவர் வின்கோ சாதனைகளை எடுத்துரைத்தார். புல்வெட்டி ஒருமுறைகூடப் பழுதாகவில்லை. புல்லுக்குள் கிடக்கும் தங்க மோதிரத்தின்மேல் ஒரு சின்னக் கீறல்கூட இல்லை. புதிய உறுப்பினர்களான காபெரும் டிலெனும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நேஜாவின் கல்யாணம் என்ன ஆயிற்று என்று மட்டும் சங்கத்தில் ஒருவரும் கேட்கவில்லை.