மைனஸ் நான்கு

காலை பதினொன்று பத்து. மாத்தளைக்குப் பக்கத்தில், பலாபத்வலயில் ஒரு கல்யாண மண்டபத்து மேடையில் கீபோர்டுக்கு சுவிட்சைப் போட்டதும் நான் முதலில் பார்த்தது, அதன் சின்னத் திரையில் இருந்த எண்ணை: மைனஸ் நான்கு. அதுவரை அந்த எண் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை.

அந்த எண்ணைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பாடுபவர் எந்தச் சுருதியில் பாடினாலும், கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தி எண்ணை மாற்றினால் கருவி அந்தச் சுருதிக்கு ஏறும், அல்லது இறங்கும். விரல்கள் மட்டும் பழகிய வெள்ளைக் கீகளிலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். கல்யாணங்களில் வாசிக்கும் எங்களில் பலருடைய வித்துவம் அந்தப் பொத்தானில்தான் இருக்கிறது. (இதை வெளியே சொல்லக் கூடாது என்பது தொழில் மரியாதை. சொல்லியாகிவிட்டது.)

எங்கள் குழுவில் மூன்று பேர். பாடுவது என் தங்கச்சி சாந்தினி. தபேலா முஜீப் நானா. கீபோர்ட் நான். வார நாட்களில் ஒரு பத்திரிகைக்கு மாத்தளைச் செய்திகள் எழுதினேன். சனி, ஞாயிறில் வாசித்தேன். தங்கச்சியின் சுருதி ஐந்தரைக் கட்டை. கீபோர்ட் மொழியில் ஜி ஷார்ப். சி-யிலிருந்து நான்கு படி கீழே. அதனால்தான் மைனஸ் நான்கு.

வினை தொடங்கியது ஆடி மாதத்தில். ஆடியில் கல்யாணம் இல்லை. எங்களுக்கு வேலையும் இல்லை. சும்மா இருந்த நேரத்தில் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். வெளிநாட்டுக் குழந்தை ஒன்று, எந்த ஒலியைக் கேட்டாலும் அது இன்ன ஸ்வரம் என்று உடனே சொன்னது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஸ்வரம் தேவைப்படவில்லை. பெர்ஃபெக்ட் பிட்ச் என்றார்கள். செய்தியில் ஊரும் பேரும் சரியாக இருக்க வேண்டும் என்று பழகியவன் நான். கேட்கும் ஸ்வரத்தின் பெயர் தெரியாமல் இத்தனை காலம் வாசித்தது பெரிய குறையாகப் பட்டது. அதைப் பழக்கும் செயலி ஒன்றைப் போனில் இறக்கினேன். அது ஒரு ஸ்வரத்தை ஒலிக்கும்; திரையிலுள்ள கீகளில் அதற்குரியதை அழுத்த வேண்டும்.

காதில் இயர்போனும் முகத்தில் தியானமுமாக அந்த மாதம் போனது. ஆச்சரியம், கொஞ்சம் கொஞ்சமாக வரத் தொடங்கியது. இரத்தோட்டை பஸ்ஸின் ஹோர்ன் எஃப் ஷார்ப். வீட்டுக் குக்கரின் விசில் ஏ. உலகம் முழுவதும் யாரோ பெயர்ப் பலகை மாட்டிவிட்டுப் போனது போல இருந்தது. அப்பா தும்மினார். "டி" என்றேன்.

"அதுக்கு மருந்து என்னன்னு அந்த போன்ல போட்டிருக்கா?" என்று கேட்டார் அப்பா.

தங்கச்சி துணி காயப்போட்டுக்கொண்டே முணுமுணுத்ததைக் கேட்டு, "சுருதி கொஞ்சம் கூட இருக்கு" என்றேன்.

"எதை விட, அண்ணே?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருப்பதாக அப்போது நினைத்தேன்.

ஆவணியில் வந்த முதல் கல்யாணம்தான் பலாபத்வல. ஒத்திகை பார்க்கவில்லை. பல மண்டபங்களில் வாசித்துத் தேய்ந்த பாட்டுகள்; தங்கச்சியும் தொண்டையைப் பாதுகாக்க வேண்டும் என்றாள். அதற்குக் காரணம் இருந்தது. மாப்பிள்ளையின் மாமா கண்டியில் பெரிய இசைக்குழு நடத்துகிறவர். கொழும்பு மேடைகளுக்கு ஒரு பாடகி தேடிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் தங்கச்சி சொன்னாள்: "அண்ணே, இன்னைக்கி அவர் எடுக்கலேன்னா அடுத்த கிழமை கார்மன்ட்டுக்குத் தைக்கப் போறேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். அங்க போனா சனிக்கிழமையும் வேலை. அப்புறம் பாட்டெல்லாம் பாத்ரூம்லதான். ஒழுங்கா வாசிங்க."

"எனக்கு இப்ப ஸ்வரமெல்லாம் தனித்தனியாத் தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சா நல்லதுதான்" என்றார் முஜீப் நானா. "வாசிக்கவும் தெரியணும் தம்பி."

மேடைக்கு வருவோம். மாமா முன்வரிசையில், கையில் பழரசத்தோடு. தங்கச்சி தலையசைத்தாள். நான் முன்னிசையைத் தொடங்க சி கீயை அழுத்தினேன். காது, "ஜி ஷார்ப்" என்றது.

முற்றிலும் சரியான பதில். மைனஸ் நான்கில் வேறெது கேட்கும்? ஆனால் ஒரு மாதமாகச் செயலியில், அந்தப் பொத்தான் இல்லாத கீகளில் பழகிய என் விரலுக்கு அது தெரியவில்லை. ஜி ஷார்ப் கேட்டால் ஜி ஷார்ப் கீயில்தான் இருக்க வேண்டும் என்று அங்கே ஓடியது. அதை அழுத்தியதும் காது, "ஈ" என்றது. விரல் ஈ-க்குப் போனது. காது, "சி" என்றது. விரல் சி-க்கு வந்தது. காது, "ஜி ஷார்ப்" என்றது.

உக்குவளைக்கு டிக்கட் எடுத்தவன் எங்கெங்கோ இறங்கி ஏறி, மறுபடி புறப்பட்ட ஸ்டாண்டிலேயே வந்து நிற்பது போல, மூன்று ஸ்வரங்களில் சுற்றிக்கொண்டிருந்தேன். முஜீப் நானா தபேலாவிலிருந்து கையெடுக்காமல் என் பக்கம் சாய்ந்தார்.

"புது இன்ட்ரோவா தம்பி?"

"பொறுங்க நானா."

"நான் பொறுப்பேன். அந்த மாமா பொறுப்பாரா?"

தங்கச்சி பொறுக்கவில்லை. நான் நிறுத்துவேன் என்ற நம்பிக்கை போய், தானே பல்லவியை எடுத்துவிட்டாள். ஐந்தரைக் கட்டையில், ஆணி அடித்த மாதிரி. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. (யோசனை என்று மரியாதைக்குச் சொல்கிறேன்.) கோளாறு மைனஸ் நான்கில் இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் கருவி உண்மை பேசும். பொத்தானை அழுத்திப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தேன்.

கருவி உண்மை பேசியது. விரல்கள் பழகிய இடத்தில் ஓட, பாட்டு நான்கு படி மேலே கிளம்பியது. கீழே தங்கச்சி, மேலே நான். ஒரே மண்டபத்தில் ஒரே பாட்டு இரண்டு மாடிகளில் நடந்தது. வீடியோ எடுத்தவர் கமராவை இறக்கினார். மணப்பெண் மாப்பிள்ளையைப் பார்த்தாள்; மாப்பிள்ளை மாமாவைப் பார்த்தார். நான் யாரையும் பார்க்கவில்லை. சரியான ஸ்வரங்களை வாசித்துக்கொண்டிருந்தேன்.

தங்கச்சி பாடிக்கொண்டே மேடையின் ஓரத்துக்கு நடந்தாள். சேலையைச் சேர்த்துப் பிடித்துக் குனிந்து, சுவரிலிருந்த கீபோர்டின் பிளக்கைப் பிடுங்கினாள். ஒரு சொல்லும் விட்டுப்போகவில்லை. நிமிர்ந்து முஜீப் நானாவுக்குக் கையைக் காட்டிவிட்டு, வெறும் தபேலாவோடு சரணத்துக்குப் போனாள்.

எனக்கு வேலை இல்லாமல் போனது. செத்த கீபோர்டின் மேல் கைகளை வைத்துக்கொண்டு கேட்டேன். பிடித்துக்கொள்ள ஒரு சுருதியும் இல்லாமல் பாடினாள். மேலே போய் வந்தாள்; மூச்சு விட்டாள்; சிரித்த குழந்தைக்குப் பதில் சிரித்தாள். ஒவ்வொரு முறையும் ஆதார ஸ்வரத்தில் வந்து நின்றபோது என் காது, "ஜி ஷார்ப்" என்றது. கடைசி வரை அப்படித்தான். அவள் இம்மியும் நகரவில்லை என்பது அந்த மண்டபத்தில் யாரையும் விட எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. அவளோ செயலி எதையும் தொட்டதில்லை.

சாப்பாட்டு மேசையில் மாமா எங்கள் எதிரே வந்து உட்கார்ந்தார். தங்கச்சி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்; வாயில் வைக்கவில்லை.

"கீபோர்டுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார் மாமா.

"கீபோர்டுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றார் முஜீப் நானா.

நான் பெர்ஃபெக்ட் பிட்ச்சைப் பற்றி விளக்கினேன். தேவைக்கு மேலேயே விளக்கியிருப்பேன். அவர் கரண்டியால் தண்ணீர்க் கிளாஸைத் தட்டினார்.

"இது என்ன?"

"பி ஃப்ளாட்."

அவர் போனில் சுருதி காட்டும் செயலியைத் திறந்து, கிளாஸை இன்னொரு முறை தட்டிப் பார்த்தார். "சரியாத்தான் இருக்கு" என்றார். பிறகு தங்கச்சியின் பக்கம் திரும்பி, "ஞாயித்துக்கிழமை கண்டிக்கு வர முடியுமாம்மா? கீபோர்டுக்கு ஆள் இருக்கு. நீங்க மட்டும் வந்தாப் போதும்" என்றார்.

பெர்ஃபெக்ட் பிட்ச் பழகுவதில் பயன் உண்டா என்று அதன் பிறகு பல இசைக்காரர்களிடம் கேட்டிருக்கிறேன். சிறு வயதிலிருந்தே அது உள்ள இருவரைப் பார்த்தேன். கேட்டதை உடனே எழுதிக்கொள்ள வசதி என்றார் ஒருவர். சுருதி இறங்கிய ஆர்மோனியத்தைக் கேட்டால் தலைவலி வருகிறது என்றார் மற்றவர். ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் உள்ள தூரம் தெரிந்தால் போதாதா என்று திருப்பிக் கேட்டவர்களே அதிகம். எனக்கு இன்னும் முடிவு தெரியவில்லை. பழக்கத்தை விட்டதும் பெயர்ப் பலகைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டன. ஹோர்ன் மறுபடி ஹோர்ன் ஆனது. பஸ் வருகிறது என்று மட்டும் சொன்னது.

வீட்டில்தான் மறக்கவில்லை. குக்கர் விசில் அடித்தால் அம்மா இன்றும், "அண்ணன்கிட்ட என்னன்னு கேட்டுட்டு இறக்கு" என்பார். அப்பா தும்முவதற்கு முன் என் பக்கம் பார்ப்பார்.

தங்கச்சி கண்டிக் குழுவில்தான் பாடுகிறாள். குடும்ப விசேஷங்களில் மட்டும் நான் வாசிக்கிறேன். கீபோர்டை பிளக் பாயின்டுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். தங்கச்சி அந்தப் பக்கமாக நின்று பாடுவாள்.