விலாங்குக்கு உப்புப் போட்டவர்

ஆதியிலிருந்து சொல்கிறவர்கள் என்று ஒரு ரகம் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பஸ் போய்விட்டதா என்று கேட்டால் அந்தத் தடத்தில் முதல் பஸ் விட்ட நாளிலிருந்து தொடங்குவார்கள். தேள் கொட்டிவிட்டது என்று காலைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தால், தேளுக்கு வாலில் விஷம் ஏறின வரலாற்றை முடித்த பிறகுதான் உங்கள் காலைப் பார்ப்பார்கள். கெட்டவர்களா? இல்லை. விஷயம் தெரிந்தவர்கள். அதுதான் தொல்லை.

பெரும்பாறைப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் ஸ்டோர் கிளார்க்காக இருந்த சேனாதிபதி, அந்த ரகத்தில் முதல் தரம். அவரிடம் யோசனை கேட்கப் போனது மூக்கம்மா செய்த தப்பு.

மூக்கம்மா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்தவள். வந்த வருசமே ஓடையில் விரல் நீளத்துக்கு ஒரு விலாங்குக் குஞ்சைப் பிடித்து, புழு பூச்சியைத் தின்னட்டும் என்று தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக் குடிதண்ணீர்த் தொட்டியில் விட்டாள். ஏழு வருசத்தில் அது கை நீளம் ஆனது. எழுபத்தேழாம் வருசம் ஐப்பசி அடைமழையில் அதற்கு என்னமோ ஆகிவிட்டது. வயிறு வெள்ளி நிறமானது, கண் பெருத்தது, தீனியைத் தொடவில்லை. மூன்று நாளாக விடிந்து பார்த்தால் தொட்டிக்கு வெளியே ஈரத்தில் நெளிகிறது. ஒரு நாள் காக்கை முந்திக்கொண்டால்?

"கெளம்பிருச்சுங்கய்யா. ஓடையில தண்ணி கெடக்கையிலேயே வெரசா விட்டுருவோம். மழ வெறிச்சா வெறும் பாறதான்."

"இருத்தா. ஏன் கெளம்புதுன்னு தெரிய வேணாமா?"

"தெரிஞ்சா தண்ணி நிக்குமாங்க?"

சேனாதிபதி மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். அவர் அதைத் துடைத்தால் ஆதி தொடங்கிவிட்டது என்று அர்த்தம். "ஆதியில இதுக்கெல்லாம் கடல்தான் வீடு. லட்சக்கணக்கான வருசத்துக்கு முன்ன அங்க தீனி பத்தல. ஆத்துல நெறையக் கெடந்துச்சு. கொஞ்சங் கொஞ்சமா ஏறி வந்து பழகிருச்சு. ஆனா முட்ட போட மட்டும் பெறந்த எடத்துக்கே போகும்."

"எங்க தாத்தா கண்டிக்குப் போனதும் தீனிக்குத்தானுங்க. அதுக்கு எதுக்குங்க லட்சம் வருசம்?"

இதெல்லாம் அவர் காதில் விழுகிற பேச்சா? விலாங்கு தேடுவது கடலை. கடல் என்றால் உப்பு. உப்பு ஸ்டோரில் மூட்டை மூட்டையாக இருக்கிறது. பிறகென்ன? அன்று மத்தியானமே ரெண்டு மூட்டையைத் தொட்டியில் கொட்டச் சொல்லி, பக்கத்தில் நின்று கலக்கவும் வைத்தார்.

சாயங்காலம் அதே லயத்தில் குடியிருக்கும் அழகர் டம்ளரும் கையுமாக வந்தான். "டீத்தண்ணி வாயில வைக்க முடியலங்க, கரிக்குது!"

"டீயில உப்புப் போடுற சீமையும் இருக்கு அழகரு. ஆதியில…"

அழகர் டீயைக் கீழே ஊற்றிவிட்டுப் போனான்.

மறுநாள் விடிந்தபோது விலாங்கு மூக்கம்மா வீட்டு வாசலில் கிடந்தது. வாலில் காக்கை கொத்தின காயம். மழையும் தூறலாகிவிட்டது. மூக்கம்மா யாரிடமும் யோசனை கேட்கவில்லை. ஈரச் சாக்கில் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஓடையைப் பார்த்து நடந்தாள். குடையும் கையுமாகப் பின்னாலேயே ஓடினார் சேனாதிபதி.

"நில்லுத்தா! இதுக்கு வழி தெரியுமான்னு ஆதியிலருந்து யோசிக்கணும். அப்பக் கடல் இந்த அளவு கெடையாது…"

மூக்கம்மா குனிந்து சாக்கை அவிழ்த்தாள். விலாங்கு ஒரு சுழி சுழித்தது, தண்ணீரோடு போய்விட்டது. அவர் கதையில் விலாங்கு இன்னும் ஆற்றுக்கே வந்து சேரவில்லை.

"போயிருச்சாத்தா?" என்றார்.

"போயிருச்சுங்க. நீங்க சொல்லுங்க. உப்புத் தொட்டியக் கழுவி முடிக்கிற வரைக்கும் எனக்கு வேற சோலி இல்ல."

இதைப் படித்துவிட்டு, "விலாங்கு விஷயம் அப்படியில்லை, ஆதியில்…" என்று பக்கத்தில் இருப்பவரிடம் தொடங்கிவிட்டீர்களோ? கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டுத் தண்ணீரை மட்டும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள்.